இடக்கைத் தாம்பூலம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். “நானும் அங்கே இருந்தேன்” என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் ஏராளம். முகப்புக் கூடத்தில் சமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த ஆண்கள் நான்கு பேர். ஒருவர் வீட்டுக்குடையவரான காரைக்குடி நாச்சியப்ப செட்டியார். இன்னொருவர், தம் மகனுக்குப் பெண் பேசி முடிக்கத் தேவகோட்டையிலிருந்து வந்திருந்த வயிரவன் செட்டியார். மூன்றாமவர் வயிரவன் செட்டியாரின் மைத்துனர் மெய்யநாதன். நான்காமவர் நாச்சியப்ப செட்டியாரின் மனைவிக்குத் தம்பி அழகுசுந்தரம். அச்சுக்கூடம் வைத்து ‘நற்றூதன்’ என்ற வாரப் பத்திரிகை நடத்தி வந்தவர். நிலைக்கதவுக்கு உட்புறம் பெண்கள் இரண்டு பேர்: நாச்சியப்ப செட்டியாரின் மனைவி சீதை ஆச்சி, வயிரவன் செட்டியாரின் மனைவி மலையம்மாள் ஆச்சி. கல்யாணப் பெண் தேனம்மை வீட்டின் பின்பகுதியில், மூன்றாம் கட்டில் இருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. சமையற்காரர் பணியாரச் சட்டியை விட்டு நகரவில்லை. வேறு யாரும் கிடையாது.

அது சுக்கில வருஷம் ஆவணி மாதம். பேச்செல்லாம் முன்பே பேசி ஒத்துக்கொண்டாகிவிட்டது. வெள்ளித் தட்டில் வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் எடுத்து வைத்தாயிற்று. நல்ல நேரம் வருவதற்குச் சற்றுப் பொழுது இருந்தது. அது வந்ததும் இரு வீட்டாரும் தாம்பூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டால் தேனம்மை தேவகோட்டை வீட்டுப் பெண். மாற்றும் வரைக்கும் எந்த வீட்டாரும் எழுந்து போகலாம், கேட்பாரில்லை. சீதை ஆச்சிக்கு அந்தச் சற்றுப் பொழுதுதான் யுகமாக இருந்தது. தேனம்மைக்கு முன்பு இரண்டு இடம் கூடி வந்து கடைசியில் தட்டிப் போயிருந்தன. ஒன்று ஜாதகத்தால், மற்றொன்று யாரோ எதையோ சொன்னதால்.

பணியாரமும் காப்பியும் ஆனபின் வயிரவன் செட்டியார் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அழகுசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். அவர் சுலபத்தில் எதையும் மெச்சாதவர் என்று தேவகோட்டையில் பெயர்.

“ஏம்ப்பா, ஒங்க பத்திரிகையில அந்த முன்வரிசையான் எழுதுறான் பாரு, அவன் பேஷான ஆளுப்பா. நான் பத்திரிகைய வாங்குறதே அதுக்குத்தான். மத்த சேதியெல்லாம் ஆறுன கஞ்சி.”

கதவுக்கு உட்புறம் சீதை ஆச்சியின் கை, மலையம்மாளுக்கு விசிறிக்கொண்டிருந்த கை, அப்படியே நின்றது.

ஏனென்றால் ‘முன்வரிசையான்’ என்பது சீதை ஆச்சிதான்.

இது தற்செயலாக ஆன காரியம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சந்தைத் திடலில் கீற்றுக் கொட்டகை போட்டுப் படம் காட்ட ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். கொட்டகைக்கு நடுவில் திரையைக் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் பெஞ்சுகளில் ஆண்களும், அந்தப் பக்கம் பாயில் பெண்களும் உட்காருவது ஏற்பாடு. திரைத்துணியைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டால் படம் இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். பெண்களுக்குத் தனி வழி, தனி வாசல். பெரிய வீட்டுப் பெண்கள் வில்வண்டியில் வந்து பின்வாசலில் இறங்கிப் படம் பார்த்துப் போனார்கள்; அதில் ஒரு குறைவும் கிடையாது. நாச்சியப்ப செட்டியார் அந்தக் கொட்டகையை எட்டிப் பார்த்தவரல்லர். ஆனாலும் ஊரில் எல்லா வீட்டு வண்டியும் போகும்போது நம் வீட்டு வண்டி மட்டும் போகாவிட்டால் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்று, மனைவி போக அவரே வண்டி கட்டச் சொன்னார்.

சீதை ஆச்சிக்குப் பிறந்த வீட்டிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தேவாரம் முழுவதும் பாராமல் சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட வந்த தம்பியிடம், பார்த்துவிட்டு வந்த படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அழகுசுந்தரம் சோற்றுக் கையோடு சிரித்துவிட்டு, கை கழுவியதும் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அது அச்சில் வந்தது. அதற்கடுத்த வாரம் “ஆச்சி, இன்னொண்ணு குடுங்க” என்று வந்து நின்றார். அப்புறம் ஆச்சியே, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் நாலு வரி எழுதி, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தம்பிக்குக் கொடுத்துவிடுவார். முன்வரிசையான் என்ற பெயரை வைத்தது அழகுசுந்தரம். பெஞ்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் ஓர் ஆண்பிள்ளை என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

“வழியில வாசிக்கக் கொண்டாந்த பத்திரிகைக் கட்டு வண்டியில இருக்கு. எடுத்தாரவா அயித்தான்?” என்றார் மெய்யநாதன். அவர் வாய் சும்மா இருக்காத மனிதர்.

“எடுத்தா. நேரம் போகட்டும்.”

மெய்யநாதன் கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். அழகுசுந்தரம் வெற்றிலை மடிப்பதில் மும்முரமானார். நாச்சியப்ப செட்டியார் எப்போதும் உட்காருவது போல், சுவரில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“கேளுங்க,” என்று மெய்யநாதன் கனைத்துக்கொண்டு வாசித்தார். “‘வெள்ளிக் கடிவாளம். வாள் சண்டை அதிகம். அடிபட்டவர்கள் எழுந்து மறுபடியும் அடிபடுகிறார்கள். குதிரை மட்டும் நன்றாக நடித்தது. மேலே இருந்தவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.’”

வயிரவன் செட்டியார் தொடையில் தட்டினார். “மேலே இருந்தவராம்! வாசி, வாசி.”

“இது சர்க்கார் படம். சுகாதார இலாகாவிலேர்ந்து சும்மாக் காட்டினாகளே, அது. ‘கொசுவும் காய்ச்சலும். கதை இல்லை. கொசுவை யானை அளவுக்குக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களைக் கடித்தவை வழக்கமான அளவில்தான் இருந்தன. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் தண்ணீர்த் தொட்டியை மூடினேன். படம் எடுத்தவருக்கு அது போதும்.’”

“அண்ணே, ஒண்ணு கவனிச்சீகளா?” என்று வயிரவன் செட்டியார் நாச்சியப்ப செட்டியாரிடம் சொன்னார். “ஒரு குத்தம் சொல்லுவான். ஒடனே தட்டிக்குடுத்துருவான். நல்ல குடும்பத்துல பொறந்தவன்.”

“அப்படித்தான் தோணுது,” என்றார் நாச்சியப்ப செட்டியார்.

உட்புறத்தில் மலையம்மாள் சீதை ஆச்சியின் காதருகில் குனிந்தார். “எங்க வீட்ல சனிக்கிழமை ஆனா இதே வாசிப்புத்தான் ஆச்சி. எனக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிப் போச்சு. அந்தத் துணி மடிக்கிறதப் பத்தி ஒண்ணு எழுதியிருந்தான் பாருங்க...”

மெய்யநாதன் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். “‘கண்ணீர்ப் பொய்கை. நாயகி பல தரம் அழுகிறாள். எனக்கு ஒரு தரம்தான் அழுகை வந்தது. அப்போது அவள் அழவில்லை. இறந்துபோன பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.’”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மலையம்மாள் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பது சீதை ஆச்சிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விசிறியைக் கீழே வைத்துவிட்டு மலையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருந்தால் நல்ல நேரம் வந்திருக்கும், தாம்பூலமும் ஒரு சங்கடமுமில்லாமல் மாறியிருக்கும். ஆனால் கட்டின் மேலே அந்த வாரத்து இதழ் இருந்தது. தேவகோட்டைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அழகுசுந்தரமே அன்று காலையில் மரியாதைக்காக மெய்யநாதனிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தார்.

“புதுசு ஒண்ணு இருக்கு அயித்தான். ‘மரகதத் தீவு இளவரசி.’”

“அடடே, அதை நானும் பாத்தேனே! போன வாரம் சாமான் வாங்க வந்தப்ப இங்கதான் கொட்டகையில பாத்தேன். மெட்ராஸ்லயே எடுத்ததாம். நம்ம சனங்களே நடிச்சிருக்காக. என்ன எழுதியிருக்கான்?”

மெய்யநாதன் வாசித்தார். “‘மரகதத் தீவு இளவரசி. வடக்கத்திப் படங்களில் ராஜாக்கள் இடக்கையால் வாள் வீசுவதையும் இடக்கையால் சாப்பிடுவதையும் இதுவரை பொறுத்துக்கொண்டேன். அவர்கள் தேசத்து வழக்கம் அதுவாக இருக்கும். இது நம் தமிழ் நாட்டில் நம்மவர்கள் எடுத்த படம். இதிலும் பெண்ணின் தகப்பன் தாம்பூலத்தை இடக்கையால் நீட்டுகிறான். சம்பந்தி இடக்கையால் வாங்கிக்கொள்கிறான். இந்தக் கல்யாணம் எப்படி விளங்கும்? இளவரசியின் நடை மட்டும் நன்றாக இருந்தது.’”

வயிரவன் செட்டியாரின் நெற்றி சுருங்கியது.

“என்னது? எடக்கையா? நான் பாத்தேனேப்பா. வலக்கையாலதான் குடுத்தான். நல்லாப் பாத்தேன். தட்டுல தேங்கா கூட இருந்துச்சு.”

“அவன் இப்படி எழுதியிருக்கானே.”

“தப்பா எழுதியிருக்கான். எடக்கையால சாப்பிடுறானாம்! எந்தப் படத்துலப்பா எடக்கையால சாப்பிட்டான்?”

மெய்யநாதன் இதழைக் கண்ணுக்கு நேரே பிடித்து மறுபடி ஒருமுறை தமக்குள் வாசித்தார். பிறகு அதைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மறுபுறத்து அச்சு தாளில் ஊடுருவித் தெரிந்தது. அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது.

“அயித்தான், இவன் முன்வரிசையில உக்காரல. திரைக்கு அங்குட்டு உக்காந்து பாத்திருக்கான். அங்குட்டுப் பாத்தா வலது எடதாத்தானே தெரியும்?”

“அங்குட்டு யாரு உக்கார்றா?”

“அதத்தான் நானும் கேக்குறேன்,” என்று மெய்யநாதன் வாய்விட்டுச் சிரித்தார். “அங்குட்டு உக்கார்றது பொம்பளைக. ஒங்க முன்வரிசையான், அயித்தான், சேலை கட்டியிருக்கான்!”

அவமானமா பயமா என்று சீதை ஆச்சிக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக அவர் பார்த்த ராஜாக்கள், வேலைக்காரர்கள், சாமிகள் எல்லாரும் வலக்கைக்காரர்களா? படத்துக்கு நடுவில் எழுத்து வந்ததுண்டு. ஆனால் அது இங்கிலீஷ் எழுத்து. தெரியாத எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தால் அவருக்கென்ன? பாயில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வடக்கே அப்படித்தான் என்று எல்லாரும் சேர்ந்தே நினைத்துக்கொண்டார்கள். திரைக்கு முன்புறம் உட்கார்ந்து பார்த்த பெண் ஊரில் ஒருத்தி இருந்தால்தானே, “அப்படி இல்லையடி” என்று சொல்வதற்கு?

வெளியே வயிரவன் செட்டியார் சிரிக்கவில்லை.

“பொம்பளை எழுதினதையா ஒன்றரை வருசமா வாசிச்சு நாலு பேர்கிட்டச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்?” அவர் குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் மோசம். “கல்யாணமான பொம்பளையாத்தான் இருக்கும். நல்லாப் படிச்ச வீடாத்தான் இருக்கும். நம்ம ஆளுகளாக் கூட இருக்கும். ஆம்பளைப் பேர்ல எழுதி ஊரெல்லாம் வாசிக்க விட்டுட்டு வீட்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கா. ஏப்பா அழகு, யாரு அது? சொல்லு.”

“அதெல்லாம் வெளிய சொல்றதில்லீங்க,” என்றார் அழகுசுந்தரம். அவருக்கு வேர்த்துவிட்டது.

“என்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நாளைக்கு என் வீட்ல பொண்ணு எடுக்க, குடுக்க வேண்டியிருக்கும். எந்த வீடுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா விலகிக்கலாமில்ல?”

“ஒங்களுக்குத் தெரிஞ்ச வீடுதானோ என்னவோ,” என்று மெய்யநாதன் விளையாட்டாக எடுத்துக் கொடுத்தார். “தம்பி முழிக்கிற முழியப் பாத்தா ஒறமொறையா இருக்கும்போலத் தெரியுதே.”

அழகுசுந்தரத்துக்குப் பொய் சொல்ல வராது. சிறு வயதிலிருந்தே அப்படி. சீதை ஆச்சி கதவு இடுக்கு வழியாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கேள்வி தாங்கமாட்டான் என்று தெரிந்துவிட்டது. வெள்ளித் தட்டு கூடத்தின் நடுவில் அப்படியே இருந்தது. மூன்றாம் கட்டில் தேனம்மை சமையற்காரரிடம் சிரித்துப் பேசுவது லேசாகக் கேட்டது. என் பெண்ணின் வாழ்க்கையை நாலு நாலு வரியாக எழுதிக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தார். எழுந்து வெளியே போய், நான்தான், பெண்ணின் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடலாமா என்று காலை ஊன்றினார்.

“நான்தான்,” என்றார் நாச்சியப்ப செட்டியார்.

“என்னண்ணே?”

“முன்வரிசையான் நான்தான். வேற யாருமில்ல. மச்சான் என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு முழிக்கிறாரு.”

நாச்சியப்ப செட்டியார் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் பேச்சைப் பத்திரம் போல எடுத்துக்கொள்வார்கள். அன்று சொன்னது பொய். அதில் மறைக்க ஒன்றுமில்லை. சுவரில் படாத முதுகு இன்னும் சற்று நிமிர்ந்ததே தவிர, முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை.

மெய்யநாதனுக்கு நம்பிக்கை வரவில்லை. “நீங்களா? நல்லா இருக்கே! அப்ப எடக்கை?”

“நான் அங்குட்டுத்தான் உக்காந்து பாத்தேன்.”

“பொம்பளைக மத்தியிலயா?”

“எங்க வீட்டு ஆச்சிக்குத் துணையாப் போவேன். தூணோரத்துல ஒரு நாக்காலி போட்டுக் குடுப்பாக.”

மெய்யநாதன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். “தூணோரத்துல நாக்காலி! அயித்தான், கேட்டீகளா? ஊரே இவுகளக் கண்டா எந்திரிச்சு நிக்குது. இவுக சேலைக்கு நடுவுல உக்காந்து படம் பாத்திருக்காக!”

கூடத்தில் இதுபோல ஒரு சிரிப்பு தம் மேல் விழ நாச்சியப்ப செட்டியார் வாழ்நாளில் இடம் கொடுத்ததில்லை. அந்தச் சிரிப்பு தேவகோட்டை போகும், அங்கிருந்து நாட்டரசன்கோட்டை போகும், ஒவ்வொரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் உட்காரும் என்று அவருக்குத் தெரியும். காப்பித் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்.

வயிரவன் செட்டியாரும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு வேறு விதம். அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

“அட நீங்கதானா அது! இத்தனை நாளா ஒண்ணுமே சொல்லலையே. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சுட்டேன். அண்ணே, அந்த ரங்கூன் படத்துக்கு எழுதினீகளே, எங்க வீட்ல அதைப் பெட்டியில மடிச்சு வச்சிருக்கா. மெய்யா, கட்டுல இன்னொரு பிரதி இருக்கும், எடு.”

அது ஒரு துண்டுப் படம். பெரிய படத்துக்கு முன்னால் காட்டியது; கதை கிடையாது. மெய்யநாதன் தேடி எடுத்து வாசித்தார். “‘ரங்கூன் துறைமுகம். கப்பல் கரை சேருகிறது. ஆட்கள் இறங்குகிறார்கள், பெட்டிகள் இறங்குகின்றன. எல்லாம் தெளிவாக இருக்கிறது. இந்தக் கப்பல் கிளம்பிய கரையில் யார் நின்றார்கள் என்பது படம் எடுத்தவருக்குத் தெரியாது. ஆனால் இறங்குகிறவர்களில் ஒருவன் திரும்பிக் கடலை ஒருமுறை பார்க்கிறான். அதை வெட்டாமல் விட்டார்களே.’”

“இதை எப்படிண்ணே எழுதினீக?” என்றார் வயிரவன் செட்டியார். “நானும் கொண்டுவிக்கப் போனவன்தான். மூணு மூணு வருசமா மோல்மீன்ல கெடந்தவன். எனக்குத் தோணலையே.”

கொண்டுவிக்கப் போவதென்றால் இவர்கள் வழக்கில், பிழைப்புக்காகக் கடல் கடந்து போய் வருவது. நாச்சியப்ப செட்டியாரும் கல்யாணமான காலத்தில் பாதியைப் பர்மாவில் கழித்தவர்தான். சீதை ஆச்சி கதவு இடுக்கில் கண்ணை வைத்தார். இது எழுதியவரிடம் கேட்கிற கேள்வி. எழுதாதவர் என்ன சொல்வார்?

நாச்சியப்ப செட்டியார் அந்த இதழைக் கையில் வாங்கி, வரிகளை ஒருமுறை பார்த்தார். மெய்யநாதன் கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“கப்பல்ல போனவனா இருந்து எழுதினா இது வராது,” என்றார் கடைசியில். “நான் போயிட்டு வந்துட்டேன். எனக்கு அங்க வேலை இருந்துச்சு, கணக்கு இருந்துச்சு, பேச ஆளு இருந்துச்சு. இங்க வீட்ல இருந்தவுகளுக்கு என்ன இருந்துச்சுன்னு அப்ப நான் கேக்கல. வந்தப்பறமும் கேக்கல. இந்த நாலு வரியிலதான் அது எனக்குத் தெரிஞ்சது.”

அது பொய்யல்ல. அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யல்ல. ஆனால் கூடத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. சீதை ஆச்சிக்குத் தெரிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நீர் வழிந்த கண்ணை மூட மறந்துபோயிற்று.

மலையம்மாள் அதைப் பார்த்தார். பார்த்த பார்வையை அப்படியே திருப்பிக் கதவின் பித்தளைக் குமிழை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார்: “அண்ணன் நல்லாத்தான் எழுதுறாக ஆச்சி. விட்டுற வேணாம்னு சொல்லுங்க. பொட்டியில இன்னும் எடம் இருக்கு.”

சீதை ஆச்சி தலையசைத்தார்.

நல்ல நேரம் வந்தது. தாம்பூலம் மாற்றினார்கள். நாச்சியப்ப செட்டியார் தட்டை நீட்டும்போது, “வலக்கைதானே? நல்லாப் பாத்துக்கங்க அயித்தான், பத்திரிகையில போட்டுருவாக” என்றார் மெய்யநாதன். எல்லாரும் சிரித்தார்கள். நாச்சியப்ப செட்டியார் சிரிக்கவில்லை; ஆனால் கோபித்துக்கொள்ளவுமில்லை.

அவர்கள் வண்டி தெருக்கோடி திரும்பியதும் அழகுசுந்தரம் செருப்பைத் தேடினார். அத்தானின் முகத்தைப் பார்க்காமலே, “வாரேன் அயித்தான்” என்று சொல்லிவிட்டு நடந்தவர், கொஞ்ச தூரம் போனபின்தான் துண்டை மறந்துவிட்டு வந்தது தெரிந்து நின்றார். திரும்பி வரவில்லை.

சீதை ஆச்சி கூடத்துக்கு வந்து எச்சில் தம்ளர்களை எடுத்தார். அதை எடுக்கச் சமையற்காரர் இருந்தார். ஆனாலும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

“எப்பத் தெரியும்?” என்றார், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

“மொதல் வாரமே.”

“தம்பி சொன்னானா?”

“அவன் எதுக்குச் சொல்லணும்? பருப்புல உப்புக் கூடிப் போச்சு, ஆனா கொழம்பு பரவாயில்லேன்னு நீ சமையக்காரர்கிட்டச் சொல்லுவ பாரு. அதே பேச்சு அச்சுல வந்திருந்துச்சு. எனக்குத் தெரியாதா?”

ஆச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலையே.”

“கேட்டா நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். நம்ம வீட்டு மொறை அப்படி. அதான் கேக்கல.” அவர் கைவிரலால் சமுக்காளத்தின் ஓரத்தை நேராக்கினார். “வாசிக்கணும்போல இருந்துச்சு.”

“இப்ப ஊரு ஒங்களப் பாத்துச் சிரிக்குமே. என்னால.”

“சிரிக்கட்டும். கொஞ்ச நாளைக்குச் சிரிப்பாக. அப்பறம் வேற ஆளு கெடைப்பாக.”

“இனிமே நான் எழுதல,” என்றார் ஆச்சி. “தேனம்மை நல்லபடியாப் போய்ச் சேரட்டும். எனக்கு எதுக்கு அது? வலக்கை எடக்கை தெரியாம எழுதி, வந்த சம்பந்தத்தைத் தொலைக்கப் பாத்தேன்.”

நாச்சியப்ப செட்டியார் நிமிர்ந்து பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் பார்க்கிற பார்வை அது.

“அது எப்படி? நான்தான் எழுதுறேன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லியாச்சு. இப்ப நின்னு போச்சுன்னா என்ன நெனப்பாக? கையுங்களவுமாப் பிடிச்சதும் விட்டுட்டாகன்னு நெனப்பாக. இல்ல, வேற யாரையோ மறைக்கச் சொன்னதுன்னு நெனப்பாக. இந்த வீட்ல ஒரு பேச்சுச் சொன்னா அது நிக்கணும். நீ எழுதித்தான் ஆகணும்.”

“எழுதித்தான் ஆகணுமா?”

“வாரா வாரம்.”

ஆச்சி தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆனா கை தப்பக் கூடாது,” என்றார் அவர். “அடுத்த படத்துக்கு நானும் வாரேன். நான் இங்குட்டு உக்காந்து பாத்து, எந்தக் கைன்னு ஒனக்குச் சொல்றேன்.”

சொன்னபடியே செய்தார். அந்தச் சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்து ஆட்டத்துக்கு நாச்சியப்ப செட்டியார் கொட்டகைக்குள் நுழைந்தபோது பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டொருவர் நமட்டுச் சிரிப்பும் சிரித்தார்கள். “பெரியவுக இன்னைக்கி இங்குட்டு உக்காந்துட்டாகளே” என்று பின்னால் யாரோ முனகினார்கள். அவர் முதல் வரிசையில், முதுகு சாயாமல், கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்தார். நனைந்த துணிக்கு அப்புறம் அவர் மனைவி பாயில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. இருவரும் ஒரே முகங்களைப் பார்த்தார்கள், இரண்டு பக்கத்திலிருந்து.

திரும்பும் வண்டியில் அவர் சொல்ல ஆரம்பித்தார். “ராசா வலக்கைதான். மந்திரியும் வலக்கை. அந்த வண்ணாத்தி ஒரு எடத்துல எடக்கையால துணி வாங்குனா, அது நெசமாவே எடக்கை. ஆனா அந்த ராசாவுக்கு நிக்கத் தெரியல. சபையில நிக்கிறவன் அப்படியா...”

“அத நான் சொல்லணும்,” என்றார் சீதை ஆச்சி. “நீங்க கையை மட்டும் சொல்லுங்க.”

நாச்சியப்ப செட்டியார் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின், “சரிதான்” என்றார். வண்டிக்காரன் ஏதோ கேட்கிறது போலத் தலையைத் திருப்ப, “ரோட்டைப் பாருப்பா” என்று அதட்டினார்.

அடுத்த இதழில் முதல் வரியாக வந்தது இது: “மரகதத் தீவு இளவரசியில் தாம்பூலம் வலக்கையால்தான் கொடுக்கப்பட்டது. இடக்கை என்று எழுதியது என் பிழை. கொடுத்தவருடைய முகத்தில் சந்தோஷமே இல்லை என்பது மட்டும் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் சரி.”

ஐப்பசியில் தேனம்மையின் கல்யாணம் நடந்தது. தேவகோட்டை வீட்டார் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. முன்வரிசையான், படம் பேச ஆரம்பித்து, கீற்றுக் கொட்டகை போய், பெண்களுக்கும் திரைக்கு முன்னாலேயே இடம் வந்த பிறகும் சில வருஷம் எழுதிவந்தார். பேசும் படம் ஒன்றைப் பற்றி, “எல்லாரும் பேசுகிறார்கள். யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்” என்று எழுதியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

முன்வரிசையான் என்ற பெயரில் எழுதியவர் நாச்சியப்ப செட்டியார் என்றும், அவர் கொட்டகையில் பெண்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் பார்ப்பார் என்றும் ஊரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டும் உண்மையல்ல. அவர் திரைக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. பத்திரிகைக்கு ஒரு வரியும் எழுதியதில்லை. எழுதியவர் அவர் மனைவி, காரைக்குடி சீதை ஆச்சி.